உடம்பிற்கும் ஒரு படித்தரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பிரம்மோற்சவ நாள்களில் திருவீதிகளைப் போலவே திருமடைப்பள்ளியும் கோலாகலம் பூண்டு விளங்கும். புறப்பாடு கண்டு, சாற்றுமுறை முடிந்து, கோஷ்டியில் கைநீட்டி நிற்கும் அடியார்களின் உள்ளங்கையில் ஒரு பிடி பிரசாதம் விழுகிறது. அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு வாயிலிடும்போது உண்டாகும் நிறைவு, வீட்டில் இலை நிறைய உண்டாலும் உண்டாவதில்லை. ஒரு பிடிக்கு அத்தனை நிறைவு எங்கிருந்து வந்தது? அது எம்பெருமான் அமுது செய்தருளிய சேஷம் என்பது முதற்காரணம். அளவோடு கிடைத்தது என்பது இரண்டாவது காரணம். முதற்காரணத்தைப் பெரியோர்கள் பலவாறு விரித்துரைத்துள்ளார்கள். இரண்டாவது காரணத்தைச் சிந்திப்பதற்கு இந்தத் திருநாள் நல்லதொரு வாய்ப்பாகும்.

பெருமாளுக்கும் அளவு உண்டு

திருக்கோயில்களில் 'படித்தரம்' என்று ஒரு முறை உண்டு. இன்ன காலத்துக்கு இத்தனை அமுதுபடி, இத்தனை பருப்பு, இத்தனை நெய், இத்தனை தயிர் என்று வரையறுத்து வைத்திருப்பதே படித்தரமாகும். உலகுண்ட பெருவாயனுக்கு எவ்வளவு ஸமர்ப்பித்தாலும் தகும். ஆயினும் பெரியோர்கள் அவனுக்கு அளவில்லாமல் ஸமர்ப்பிக்கவில்லை. உக்கிராணத்தில் அளந்து எடுத்து, மடைப்பள்ளியில் அளந்து போட்டு, தளிகை செய்து கண்டருளப் பண்ணினார்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு என்ற அளவைகளெல்லாம் பழைய கல்வெட்டுக்களில் அமுதுபடிக் கணக்காகவே இன்றும் நின்று விளங்குகின்றன.

இந்தப் படித்தரத்தில் இரண்டு நுட்பங்கள் அடங்கியுள்ளன. ஒரு திருக்கோயிலின் படித்தரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பது முதலாவது. காஞ்சியில் பேரருளாளனுக்கு மிளகும் சுக்கும் மணக்கும் இட்டலி. திருமாலிருஞ்சோலையில் அழகருக்குத் தோசை. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிக்குச் சர்க்கரைப் பொங்கல். திருவேங்கடமுடையானுக்கு லட்டு. எம்பெருமான் ஒருவனே, தளிகை மட்டும் அந்தந்த ஸ்தலத்தின் மண்ணையும் வழக்கத்தையும் அநுசரித்து வெவ்வேறாக அமைந்துள்ளது.

நித்யப்படி வேறு, விசேஷப்படி வேறு என்பது இரண்டாவது. அன்றாடம் நடக்கும் ஆராதனத்துக்கு ஒரு கணக்கு. திருநாள்களுக்கு வேறொரு கணக்கு. உற்சவம் முடிந்து கொடியிறக்கம் ஆனதும் மறுநாளே மடைப்பள்ளி நித்யப்படிக்குத் திரும்பிவிடும். திருநாளின் கணக்கை ஆண்டு முழுவதும் நடத்தும் கோயில் எங்கும் இல்லை. அப்படி நடத்தினால் உக்கிராணம் சில மாதங்களிலேயே காலியாகிவிடும்.

இந்த இரண்டு நுட்பங்களையும் மனித உடம்பிற்குப் பொருத்திப் பார்ப்பதே இங்குச் சொல்லவந்த விஷயம்.

உடம்பு யாருடைய சொத்து?

உடம்பு அழியக்கூடியது, ஆத்மா நித்யமானது. ஆகவே வைஷ்ணவன் உடம்பைப் பற்றிக் கவலைப்படலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்திலேயே விடை உள்ளது. சேதனங்களும் அசேதனங்களும் எம்பெருமானுக்குச் சரீரம், அவன் சரீரி. ஜீவனும் அவனுடைய உடைமை. ஜீவன் குடியிருக்கும் உடம்பும் அவனுடைய உடைமை. பிறர் பொருளைக் கைக்கொண்டவன் அதைத் தன் விருப்பப்படி பாழாக்க உரிமையுடையவன் அல்லன். கோயில் திருவாபரணத்தைப் பாதுகாக்கும் பொறுப்பாளன் அதைத் தன் நகை என்று எண்ணிப் பூரிப்பதும் தவறு. யாருடைய நகையோ என்று அலட்சியமாகப் போட்டு வைப்பதும் தவறு. உடம்பின் விஷயத்திலும் இவ்விரண்டு பிழைகளுமே நேர்கின்றன. கண்ணாடியின் முன் நின்று உடம்பையே ஆராதிப்பவர் ஒரு சாரார். அதை ஏறெடுத்தும் பாராதவர் மற்றொரு சாரார்.

பருத்த உடம்பு பாபமன்று என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிறவி வாகு, குடும்ப வழி, வயது, தைராய்டு சுரப்பிக் குறைவு, சில மருந்துகளின் விளைவு ஆகிய பல காரணங்களால் உடம்பு பருக்கக்கூடும். ஒருவருடைய உடம்பைப் பார்த்து நகைப்பது, அதனுள் அந்தர்யாமியாக எழுந்தருளியிருப்பவனை நகைப்பதாகவே முடியும். அது பாகவதாபசாரம். ஆயினும் அளவுக்கு மிஞ்சிய எடையால் கைங்கரியத்துக்கு இடையூறு நேருமானால் அதைச் சரிசெய்து கொள்வது சேஷனுக்குக் கடமையாகிறது.

தோளைவிட்டு இறங்கிய தண்டு

திருஷ்டாந்தமாக ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஒரு திவ்யதேசத்தில் பரம்பரையாக ஸ்ரீபாதந்தாங்கும் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் முதன்முதலாகத் தண்டுக்குத் தோள் கொடுத்தார். பெருமாள் தோளுக்கினியானில் ஆடி அசைந்து எழுந்தருளும்போது முன்தண்டில் நின்று நடை போடுவது அவருக்குப் பிறவிப் பயனாக இருந்தது. ஆண்டில் சில நாள்களே இந்தப் பெரும் உழைப்பு. மற்ற நாள்களில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே செய்யும் வேலை.

நாற்பத்தாறாவது வயதில் அவருடைய எடை 91 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். கருடசேவையன்று இரண்டாவது வீதி திரும்பும்போது முழங்கால் மடங்கியது, மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் சட்டென்று தோள் கொடுத்ததால் பெருமாளுக்கு அசைவு நேரவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவர் உறங்கவில்லை. தன் கால் நொந்ததற்காக அவர் வருந்தவில்லை. தன் காலால் பெருமாளுக்கு ஓர் அசைவு நேர்ந்திருக்குமே என்றுதான் வருந்தினார். மறுநாள் அவராகவே தண்டை விட்டு ஒதுங்கிக் குடை பிடிக்கும் கைங்கரியத்துக்குச் சென்றுவிட்டார்.

வைத்தியர் பரிசோதித்து, ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றும், முழங்கால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்றும், எடையைக் குறைத்தேயாக வேண்டும் என்றும் தெரிவித்தார்.

இந்நிலை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, பாரத தேசத்தில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது. எடையைக் கிலோவில் அளந்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்து வைத்தியர்கள் பருமனைக் கணிக்கிறார்கள். மேல்நாட்டாருக்கு அந்த எண் 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் பருமன் என்பர். இந்தியருக்கோ 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 25-லேயே பருமன் என்று கொள்ளப்படுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு இந்நாட்டவர்க்கு மிகுதி என்பதே காரணம். ஆகையால் இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டு இருக்கவேண்டும் என்கிறார்கள். இங்கேயும் தேசத்துக்குத் தேசம் படித்தரம் வேறுபடுவதைக் காணலாம்.

இரவல் வழிகள் இரண்டு

வைத்தியர் சொன்னது ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்தார் சொன்னது ஆயிரம் வார்த்தை. கடையில் உடன் வேலை செய்பவர் ஒருவர், அரிசியை அறவே தொடாமல் பதினைந்து கிலோ குறைந்தவர். அவரைப் பார்த்து இவரும் சோற்றை அடியோடு விட்டார். மூன்று வாரம் சென்றது. பிறந்தது முதல் சோறு உண்டு வளர்ந்த உடம்பு; நான்காவது வாரத்தில் ஓர் அமாவாசைத் தளிகையின்போது மனம் கட்டை அறுத்துக்கொண்டது. விட்ட எடை திரும்பி வந்தது. கூடவே இரண்டு கிலோவும் வந்தது.

பிறகு வேறொருவர் சொற்படி வாரத்தில் மூன்று நாள் நீர் மட்டும் பருகிப் பட்டினி கிடந்தார். கடையில் கணக்குத் தவறியது. வீட்டில் கோபம் மிகுந்தது. திருவாராதனத்தில் மனம் நிற்கவில்லை. ஒருநாள் ஸந்நிதியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

இவ்விதக் கடுந்தவத்தைக் கண்ணன் உகப்பதில்லை. ஸ்ரீகீதையின் 17-ஆம் அத்தியாயத்தில், சாஸ்திரம் விதிக்காத கோரமான தவங்களைச் செருக்கோடு மேற்கொண்டு உடம்பை வாட்டுபவர்கள், அவ்வுடம்பினுள் உறையும் தன்னையும் வாட்டுகிறார்கள் என்று அவன் கண்டிக்கிறான். உடம்பைப் பேணாமல் விடுவது ஒரு குற்றமென்றால், அதைத் தண்டிப்பதும் குற்றமே என்பது இதனால் விளங்கும்.

அந்த நண்பருக்குப் பலித்த வழி இவருக்கு ஏன் பலிக்கவில்லை? இக்கேள்விக்கு விடைகாண உதவும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைத்த உணவையும், மற்றொரு பிரிவினருக்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவையும் ஓராண்டு காலம் பழக்கினார்கள். 2018-இல் அதன் முடிவு வெளியாயிற்று. இரண்டு பிரிவினரும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்தார்கள். இரண்டுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவிற்குள்ளும் மனிதருக்கு மனிதர் பெரும் வேற்றுமை காணப்பட்டது. இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள். குறையாமல் கூடியவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே உத்தமமான வழி என்று ஒன்று அகப்படவில்லை. பிறர் தர்மம் எவ்வளவு சிறந்ததாயினும் தனக்குரிய தர்மமே தனக்கு நன்மை என்று கண்ணன் அருளிய நியாயம் உணவுக்கும் ஒத்து வருவதை இது காட்டுகிறது.

ஸ்வயம்பாகியின் உபதேசம்

தளர்ந்துபோன அவர், ஒருநாள் மடைப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயது முதிர்ந்த ஸ்வயம்பாகியிடம் தம் குறையைச் சொல்லிக்கொண்டார்.

"அடியேனுக்கு இனி தண்டு தாங்கும் பாக்யம் இல்லை ஸ்வாமி. எல்லா வழியும் செய்து பார்த்தாயிற்று" என்றார்.

பெரியவர் கேட்டார்: "உம்முடைய வழியைச் செய்து பார்த்தீரோ?"

"அடியேனுக்கு என்று ஒரு வழி ஏது ஸ்வாமி?"

"இத்தனை ஆண்டுகளாக இந்த மடைப்பள்ளியைப் பார்க்கிறீரே! அயலூர்க் கோயிலின் படித்தரத்தை இங்கே கொண்டுவந்து அடுப்பேற்றினால் நடக்குமா? இங்குள்ள நிலம், இங்குள்ள ஆள், இங்குள்ள பாத்திரம் இவற்றைப் பார்த்தல்லவோ முன்னோர் அளவு கட்டினார்கள்! முதலில் உம்முடைய உக்கிராணக் கணக்கைப் பாரும். என்ன உள்ளே வருகிறது, என்ன செலவாகிறது என்று பத்து நாள் ஒன்றும் விடாமல் எழுதும். எதையும் மாற்ற வேண்டாம். எழுதினால் போதும். கணக்கு எழுதுவதுதானே உமக்குத் தொழில்?"

அவர் எழுதினார். பத்தாம் நாள் இருவரும் அதைப் பார்த்தார்கள். குற்றம் பகல் சோற்றில் இல்லை. கடையில் நாளொன்றுக்கு ஆறு முறை சர்க்கரை சேர்த்த காபி, மாலையில் வாடிக்கையாளருக்கு வாங்கும் பஜ்ஜியிலும் பக்கோடாவிலும் ஒரு பங்கு, இரவு பத்து மணிக்குக் கடை கட்டி வந்தபின், மிஞ்சியது வீணாகக்கூடாதென்று பாத்திரத்தில் உள்ளது அத்தனையும், உண்டவுடன் படுக்கை, நான்கரை மணிக்கு விழிப்பு.

பெரியவர் நகைத்தார். "தண்டு தாங்கும் நாளில் உண்ட அளவை, நாற்காலியில் உட்காரும் நாளிலும் உண்கிறீர். விசேஷப்படியை நித்யப்படியாக்கிவிட்டீர் காணும்! உற்சவம் முடிந்து கொடி இறங்கிற்று. உமது வயிற்றில் மட்டும் இன்னும் இறங்கவில்லை."

மிதம் என்ற மருந்து

அந்த முதியவர் மடைப்பள்ளி பாஷையில் சொன்னதைக் கண்ணன் கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில், 16, 17-ஆம் சுலோகங்களில் யோக பாஷையில் சொல்லியிருக்கிறான். உணவின் மிகுதி, உணவின் இன்மை, உறக்கத்தின் மிகுதி, உறக்கத்தின் இன்மை ஆகிய நான்கையும் யோகத்துக்குப் பகை என்று அவன் ஒதுக்குகிறான். உணவு, நடமாட்டம், செயல், உறக்கம், விழிப்பு ஆகியவை தக்கபடி அமைந்தவனுக்கே யோகம் துயர் தீர்ப்பதாகிறது. 'தக்கபடி' என்பதற்கு 'மிதமாக' என்றே எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் பொருள் அருளியுள்ளார். மிதம் என்ற சொல்லுக்கு அளக்கப்பட்டது என்று பொருள். அளப்பவன் தன்னை அளந்தாலன்றி மிதம் என்பது கைகூடாது. கண்ணன் ஒருவனுக்கு இத்தனை கவளம் என்று எண்ணிக்கை கூறாததன் கருத்தும் இதுவே. உணவையும் உறக்கத்தையும் அவன் சேர்த்தே கூறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். உறக்கம் குறைந்தவர்க்கு மறுநாள் பசியுணர்ச்சி மிகுவதை இன்றைய உடற்கூற்று வல்லுநர்களும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஸ்ரீபாதந்தாங்கி தமக்கென்று ஒரு படித்தரம் கட்டிக்கொண்டார். காபி ஆறிலிருந்து இரண்டாயிற்று. சர்க்கரை சிறிது சிறிதாகக் குறைந்து நின்றுவிட்டது. பகலில் சோறு உண்டு. ஆனால் அளந்த சோறு. கறியமுது இருமடங்கு, பருப்பும் மோரும் வயிறு நிறைய. மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல். இரவுத் தளிகையைக் கடைக்கே வரவழைத்து ஏழரை மணிக்குள் உண்டார். மிஞ்சுவதைத் தம் வயிற்றில் கொட்டாமல் இருக்க, அளவு பார்த்துத் தளிகை செய்யும் பொறுப்பை அவருடைய இல்லத்தரசியார் ஏற்றுக்கொண்டார். இதுவே எல்லாவற்றிலும் பெரிய உதவியாயிற்று. விடியற்காலையில் நான்கு திருவீதிகளையும் வலம் வந்தார். தொடக்கத்தில் முழங்கால் இடம் கொடுத்தது ஒரு வீதிக்குத்தான். இரண்டு மாதத்தில் நான்கு வீதியாயிற்று. வாரத்துக்கு 150 நிமிஷ நேரம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரைமணி நேரப் பிரதக்ஷிணம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

மற்றொருவருக்கு இதுவே வழி என்று சொல்ல முடியாது. அவருக்குக் காபி குற்றமாக இருக்காது. ஊறுகாயும் வற்றலும் அப்பளமும் குற்றமாக இருக்கலாம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது விதி. ரத்த அழுத்தம் உடையவர் முதலில் பார்க்கவேண்டிய கணக்கு அதுதான். பேரக் குழந்தைகள் உண்டு மிச்சம் வைத்ததை உண்டே பருத்த பாட்டியார்கள் எத்தனையோ பேர். வாய் திறந்து உண்பதெல்லாம் மனக்கவலையால் என்று கண்டுகொண்டவர்களும் உண்டு. அவரவர் கணக்கை அவரவரே எழுதிப் பார்க்கவேண்டும்.

ஏழு ஸாதனங்கள்

பக்தி நிலைபெறுவதற்கு ஏழு ஸாதனங்களை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் பூர்வாசாரியரான வாக்யகாரரின் வாக்கைக் கொண்டு எடுத்துக்காட்டுகிறார். அவை விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன. பக்திக்குச் சொன்ன இவை, பக்திக்குக் கருவியான உடம்பைப் பேணும் முயற்சிக்கும் படிக்கட்டுகளாக அமைவதைச் சிந்திக்கலாம்.

விவேகமாவது உணவின் தூய்மை. எல்லாவற்றுக்கும் முன்னதாக உணவையே வைத்திருப்பது நோக்கத்தக்கது. விமோகமாவது ஆசையில் அழுந்தாமை. நாவுக்கு இனியதை வெறுப்பதன்று. அதற்கு அடிமையாகாமல் இருப்பது. அப்யாஸமாவது மீண்டும் மீண்டும் பழகுதல். ஒருநாள் நடந்த பத்துக் கல்லைக் காட்டிலும் தினமும் நடந்த ஒரு கல்லே உடம்பில் நிற்கும். கிரியையாவது நித்யகர்மங்களைத் தன் சக்திக்கேற்பச் செய்தல். சக்திக்கேற்ப என்ற அளவுகோல் இங்கும் வந்துவிட்டது. கல்யாணமாவது வாய்மை, நேர்மை, தயை, தானம், அஹிம்ஸை முதலிய குணங்கள். தன் கணக்கைத் தனக்கே பொய்யாக எழுதாமல் இருப்பது வாய்மை. பிறர் உடம்பை இகழாமல் இருப்பது தயை.

மீதியுள்ள இரண்டும் மிக முக்கியமானவை. அநவஸாதமாவது மனம் தளராமை. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைந்துவிடுவதால், சில மாதங்களுக்குப் பின் தராசின் முள் அசையாமல் நின்றுவிடும். முயற்சியைக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். தராசு நின்றாலும் நன்மை நிற்பதில்லை. நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த இந்தியரைக் கொண்டு சென்னையில் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை! ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று எண்ணுவதும் அவஸாதமே. ஒருவேளை ஆராதனம் தவறியதென்று எந்தக் கோயிலும் நடையை நிரந்தரமாகச் சாத்திவிடுவதில்லை. பிராயச்சித்தம் செய்து அடுத்த வேளையைத் தொடங்கிவிடுகிறது.

அநுத்தர்ஷமாவது மகிழ்ச்சியில் தலைகால் தெரியாமல் போகாமை. ஐந்து கிலோ குறைந்ததும் வெற்றி விழாக் கொண்டாடி, பழைய அளவுக்குத் திரும்பி, குறைந்ததை மீண்டும் சேர்த்துக்கொள்பவர்களுக்காகவே இது சொல்லப்பட்டது போலும்!

விரதமும் பிரசாதமும்

பக்ஷத்துக்கு ஒன்றாக வரும் ஏகாதசி விரதமும் எல்லோருக்கும் ஒரே விதமாக விதிக்கப்படவில்லை. நீரும் அருந்தாதவர், நீர் மட்டும் அருந்துபவர், பாலும் பழமும் கொள்பவர், ஒருவேளை பலகாரம் கொள்பவர் என்று பலபடிகள் உண்டு. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எண்பதைக் கடந்த முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று உபவாஸத்துக்குப் பின் வயிற்றுக்கு இதமானவற்றைப் பெரியோர்கள் அமைத்தார்கள். அந்தப் பாரணையை விருந்தாக்கி, முதல் நாள் விட்டதை மறுநாள் இருமடங்காகப் பிடித்துக்கொள்வது விரதத்தின் நோக்கமன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உபவாஸம் இருத்தல் ஆகாது. ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

நாச்சியார் அருளிச்செய்த திருப்பாவையிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். இரண்டாம் பாசுரத்தில் நோன்புக்காகப் பாலையும் நெய்யையும் ஒதுக்குகிற ஆயர்சிறுமியர், இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் பெய்த பாற்சோற்றைத் தோழிமாரோடு கூடி உண்ணுகிறார்கள். விடுவதற்கும் ஒரு காலம், கொள்வதற்கும் ஒரு காலம். விட்டதும் கண்ணனுக்காக, கொண்டதும் கண்ணனோடு. தனித்திருந்து விடுவதைவிடத் துணையோடு விடுவது எளிது என்பதும் அதில் தொனிக்கிறது.

பிரசாதத்தை மறுக்கலாமா என்ற ஐயம் அடியார்களுக்கு எழும். மறுத்தல் ஆகாது, மிகையாகக் கொள்ளுதலும் வேண்டுவதில்லை. துளஸி ஓர் இதழ்தான். தீர்த்தம் ஓர் உத்தரணிதான். அதனால் அவற்றின் பெருமை குறைந்துவிட்டதா? புளியோதரையும் அக்காரவடிசிலும் அப்படியே. ஒரு கவளத்தைத் தான் கொண்டு, மீதியைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் புண்ணியம்.

மருத்துவத்தை நாடுவது பக்திக்குக் குறைவு என்று எண்ணுவோரும் உண்டு. காஞ்சிக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையைக் குறிக்கிறது. வைத்தியருக்கும் பணிவிடை செய்வோருக்கும் ஜீவிதமும், மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாகக் காணப்படுகின்றன. திருவரங்கத்தில் கருடவாஹன பட்டர் ஆரோக்யசாலையைப் புதுப்பித்துத் தந்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. கையில் அமுத கலசத்தோடு தோன்றிய தந்வந்திரி எம்பெருமானுடைய அவதாரமே. வைத்தியசாலையும் அவன் ஸந்நிதியே.

மீண்டும் தண்டுக்கு

ஸ்ரீபாதந்தாங்கியின் எடை ஓராண்டில் 91-லிருந்து 81 ஆயிற்று. இடையில் மூன்று மாதம் அசையாமலும் நின்றது. தீபாவளி மாதத்தில் ஒரு கிலோ கூடவும் செய்தது. அவர் கணக்கெழுதுவதை நிறுத்தவில்லை. எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. பத்துக் கிலோ குறைந்தவருக்கு அடிதோறும் நாற்பது கிலோ பாரம் இறங்கியது! ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்குள் வந்தது. தேய்ந்த முழங்கால் முற்றிலும் பழையபடி ஆகிவிடவில்லை; முன்தண்டு இளையவர்களுக்கே உரியதாயிற்று.

அடுத்த பிரம்மோற்சவத்தில் அவர் பின்தண்டில் தோள் கொடுத்தார். இரண்டாவது வீதி திரும்பிற்று. பெருமாள் அசையாமல் எழுந்தருளினார். புறப்பாடு முடிந்து கோஷ்டியில் பெரிய தொன்னை நிறையப் பொங்கல் நீட்டினார்கள். அவர் உள்ளங்கையை மட்டும் நீட்டினார். எதிரே நின்ற ஸ்வயம்பாகி அதைக் கண்டு, "விசேஷப்படி நாள் ஐயா! இன்னொரு பிடி கொள்ளும்" என்றார். அவர் கொண்டார். மறுநாள் காலை நித்யப்படிக்குத் திரும்பினார்.

திருநாளுக்கு வந்திருக்கும் அடியார்கள் நாளை அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். பிரசாதப் பொட்டலமும் குங்குமமும் துளஸியும் உடன் செல்லும். அவற்றோடு இந்தத் திருமடைப்பள்ளியின் அளவுமரக்காலையும் நெஞ்சில் வைத்துக் கொண்டு செல்வார்களாக. பத்து நாள் கணக்கெழுதி, தத்தம் உடம்பை அறிந்து, தத்தமக்குரிய படித்தரத்தைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டு இதே திருவீதியில் தளராத காலோடு வலம் வந்து சேவிக்கும் பாக்யத்தை எம்பெருமான் அனைவருக்கும் தந்தருள்வானாக.

சுபம்